பண்டிகைக் கிண்ணம்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை ஒட்டிய நாள்களில் குருவானவர் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்வது வழக்கம். முறுக்கும் அதிரசமும் கேக்கும் வைத்த தட்டுக்கு அருகில், சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வீட்டிலேயே ஊறவைத்த திராட்சை இரசத்தையும் வைக்கும் வீடுகள் சில உண்டு. “இந்த வருஷம் பதம் எப்படி, சாமி?” என்று ஆவலோடு கேட்பார்கள். நண்பர்கள் கூடி, ஒரு வீட்டு இரசத்தை மற்றொரு வீட்டு இரசத்தோடு ஒப்பிட்டுச் சுவைப்பார்கள். வெளியூர்களிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் சில பீர் புட்டிகளையும் அதே மேசையில் வைப்பார்கள். நெல் விளையும் காவிரிக் கரைக்கு இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? இது குற்றமற்ற மகிழ்ச்சிதானா? இவ்விரு வினாக்களும் சில ஆண்டுகளாக என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

பீர் என்றதும் மேனாட்டுப் பானம் என்று எண்ணுகிறோம். அதன் அடிப்படை, முளைவிட்ட தானியத்தைக் கொண்டு மாவுப்பொருளை இனிப்பாக்கிப் புளிக்கச் செய்வதாகும். ஐரோப்பியர் இதை வாற்கோதுமையில் செய்தனர். நம் முன்னோர் நெல்லில் செய்தனர். காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையில் இச்செய்முறையை விவரிக்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, அதனுடன் நல்ல அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். அந்த அடை, நெல்முளையை இடித்துச் செய்தது என்பர் உரைகாரர். வலைஞர் குடியில் வழிப்போக்கனான பாணனுக்குச் சுட்ட மீனோடு இது கிடைக்கும் என்கிறார் புலவர். வீட்டில் சமைத்த இத்தகைய நெற்கள்ளுக்குத் தோப்பி என்று பெயர்.

திராட்சை இரசமோ கடல் கடந்து வந்தது. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தியதைப் புறநானூறு கூறுகிறது. புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து இரசம் ஏற்றி வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. ஆகவே அந்நாளில் நெற்கள் குடியானவர் இல்லத்திலும், யவன இரசம் அரசனின் கிண்ணத்திலும் இருந்தன.

அதே புறநானூற்றில், இறந்துபட்ட அதியமானை நினைத்து ஔவையார் கலங்குகிறார். கள் சிறிதளவே கிடைத்தால் அதைப் பாடுநர்க்கே கொடுத்துவிடுவான்; மிகுதியாகக் கிடைத்தால் அவர்கள் பாடத் தானும் உடன் மகிழ்ந்து உண்பான். தன் பங்கைக் கடைசியில் வைத்த அம்மனிதனின் பண்பே புலவரின் நினைவில் நிற்கிறது. ஆனால் இதே தமிழ்தான் ‘கள்ளுண்ணாமை’ என்னும் அதிகாரத்தையும் தந்தது. ஔவையாரின் கண்ணீரையும் வள்ளுவரின் கண்டிப்பையும் நாம் ஒருங்கே பெற்றிருக்கிறோம்.

பிற்காலத்தில் மது, நம் மறையைப் பழிப்பதற்கே ஒரு காரணமாயிற்று. பரங்கியர் புலால் உண்பவர், குடிப்பவர் என்று மக்கள் வெறுத்தனர். 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி இதை உணர்ந்து, புலாலையும் மதுவையும் தம் உணவிலிருந்து அறவே விலக்கினார். பலிபீடத்தில் மட்டுமே திராட்சை இரசம் இடம் பெற்றது. ஒரு கிண்ணம் பிறர் உள்ளத்தின் கதவை அடைக்குமானால் அக்கிண்ணம் தமக்கு வேண்டாம் என்பதே அவர் முடிவு.

பண்டிகை இரசம் வேறு வழியாக வந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரசம் ஊறவைப்பது ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை 1862-ஆம் ஆண்டுக்குள் இருப்புப்பாதை போடப்பட்டது. நாகையிலும், பின்னர் பொன்மலையிலும் இரயில்வே தொழிற்கூடங்கள் இயங்கின. அங்கிருந்த குடும்பங்களோடு பழகிய நம்மவரும் இவ்வழக்கத்தைக் கண்டனர். டெல்டாவின் களிமண்ணில் கொடிமுந்திரி விளைவதில்லை. எனவே பழம் மேற்கிலிருந்து வரவேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் கொண்டுவந்தார் என்பது அப்பகுதியில் வழங்கும் செய்தி. பழத்தை மசித்து, சர்க்கரையும் சிறிது கோதுமையும் ஈஸ்ட்டும் சேர்த்து, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, ஏறத்தாழ மூன்று வாரங்களில் வடித்தெடுப்பார்கள்.

இதற்கிடையே நாட்டின் சட்டம் பலமுறை மாறியது. 1937 அக்டோபர் முதல் நாளன்று இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டும் கொணரப்பட்டு, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் அரசின் வாணிபக் கழகமான டாஸ்மாக் தோன்றியது. 1987 முதல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அக்கழகமே நடத்துகிறது. உரிமமின்றி வீட்டில் மது வடிப்பது இன்றும் சட்டத்துக்குப் புறம்பானது. ஆயினும் மாடி வீட்டுச் சமையலறையின் பீங்கான் ஜாடியை எந்தக் காவலரும் திறந்து பார்ப்பதில்லை. குடிசையின் பின்புறத்துப் பானை மட்டுமே உடைபடுகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளர்.

இனி என் தவறைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இக்காவிரிக் கரையின் ஒரு பங்கில் குடில் கட்ட வந்த தொழிலாளி ஒருவர்மீது சாராய வாடை வீசியது. பலர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். மாலையில் அவர் மனைவி பங்கு இல்லத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். “நீங்க திட்டினது சரிதான் சாமி. நானும்தான் திட்டுறேன். ஆனா நேத்து அந்த வீட்ல நீங்க கிளாஸை வாங்கிக் குடிச்சதை அவரு பார்த்திருக்காரு. சாமியே குடிக்கிறப்ப எனக்கென்னன்னு கேக்குறாரு. நான் என்ன பதில் சொல்லட்டும் சாமி?” என்றார்.

என்னிடம் பதில் இருந்தது. குருமடத்தில் படித்த பதில். இரசம் அருந்துவது தன்னளவில் பாவமன்று என்று புனித தோமா அக்குவினார் கற்பிக்கிறார். எளிதில் கேடுறும் உடல்நிலை உடையவனுக்கும், விலக்குவதாக நேர்ச்சை செய்தவனுக்கும், அளவு மீறுபவனுக்கும் அது தகாதது என்கிறார். இம்மூன்றில் எதுவும் என்னைத் தொடவில்லை என்று நிம்மதியாயிருந்தேன். அவர் நான்காவது ஒன்றையும் கூறியிருக்கிறார்: பிறருக்கு இடறலாகும்போதும் அது தகாதது. குருமடம் கற்பித்து நான் மறந்ததை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் நினைவூட்டினார்.

கானாவூர்த் திருமணத்தை நான் மறுக்கவில்லை. அங்கே ஆண்டவர் விருந்தின் மகிழ்ச்சியைக் காத்தார். ஓர் ஏழை வீட்டாரின் தலைகுனிவையும் தடுத்தார். குடிநோயால் தளர்ந்த குருவுக்குத் திருப்பலியில் புளிக்காத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்த ஆயர் அனுமதி அளிக்கலாம் என்பதை 2003-இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவுபடுத்தியது. வலுவற்ற ஒருவருக்காகப் பலிபீடமே இவ்வளவு இடம் கொடுக்குமானால், நம் வரவேற்பறை மேசை கொடுக்கலாகாதா? “பண்டிகைதானே, ஒரு வாய் குடி” என்று, விலக முயலும் ஒருவரின் கையில் கிண்ணத்தைத் திணிப்பது விருந்தோம்பலாகுமா?

அப்பெண்ணுக்கு அன்று நான் சொன்னது, “என்னை மன்னித்துக்கொள், அம்மா” என்பது மட்டுமே. அவர் கணவர் சில மாதங்கள் விலகியிருப்பார். பிறகு மீண்டும் விழுவார். நான் கிண்ணத்தை வைத்துவிட்டதால் அவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அடுத்த ஆண்டு அதே வீட்டுக்குச் சென்றபோது, “எனக்குக் காப்பி போதும்” என்றேன். வீட்டுக்காரர் காரணம் கேட்டார், சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், தன் தம்பியும் குடியால் வேலையை இழந்தவன் என்றார். அந்த மேசையில் அத்தனை ஆண்டுகளாக இரசத்தின் பதத்தைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். அந்தத் தம்பியைப் பற்றி அன்றுதான் முதன்முறையாகப் பேசினோம்.