கூட்டமா நீந்தும் குட்டி மீன்கள்... காங்கேயம் தண்ணீருக்கு எது செட் ஆகும்?

கடையில் மின்னும் நியான் டெட்ராவைப் பார்த்து ஆசையாக ஆறு வாங்கி வருகிறீர்கள். ஒரே வாரத்தில் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன. 'நமக்கு மீன் ராசி இல்லை'ன்னு தொட்டியைப் பரண்ல ஏத்திடாதீங்க. பிரச்னை பெரும்பாலும் தண்ணீரில்தான்!

உங்க தண்ணீர் எப்படி?

நியான் டெட்ராவின் பூர்வீகம் அமேசான் நதிப்பகுதி. அங்கே உப்பு குறைந்த, லேசான அமிலத்தன்மை கொண்ட தண்ணீர். காங்கேயம் பக்கம் பல போர்களில் வருவதோ, சோப்பு நுரைக்காத, பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் உப்புத்தண்ணீர். இதற்கு ஜீப்ரா டேனியோதான் சரியான சாய்ஸ். இந்தியா, வங்கதேச ஓடைகளில் வாழும் மீன் இது. சுமார் 4 செ.மீ வளரும். உப்புத்தண்ணீரையும் கோடைச் சூட்டையும் நன்றாகவே தாங்கும். துள்ளிக் குதிக்கும் என்பதால் தொட்டிக்கு மூடி அவசியம்.

நியான்தான் வேணுமா? போர் தண்ணீரோடு ஆர்.ஓ தண்ணீரைக் கலந்து பயன்படுத்துங்கள். ஆர்.ஓ மட்டும் வேண்டாம். மீனுக்குத் தேவையான தாது உப்புகள் அதில் மிகக் குறைவு. நகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டுகள் கட்டாயம்.

தொட்டியை முதலில் பழக்குங்கள்

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நல்ல பாக்டீரியாக்கள். அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் போடுங்கள். நைட்ரேட்டைச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். வாலிஸ்னேரியா, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மூன்றும் உப்புத்தண்ணீரிலும் வளரும்.

ரெண்டு மீன் போதுமா?

போதாது. கூட்டம்தான் இந்த மீன்களுக்குப் பாதுகாப்பு. தனியாக விட்டால் பயந்து ஒளியும், சாப்பிடாது. குறைந்தது ஆறு, முடிந்தால் எட்டு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி (சுமார் 55 லிட்டர்) தாராளம். ஏஞ்சல் மீனைச் சேர்க்காதீர்கள். வளர்ந்ததும் குட்டி மீன்களை விழுங்கிவிடும்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயில் கழுவினால் பாக்டீரியா போச்சு.

வளர்க்க முடியலையா? கடையிலோ நண்பரிடமோ கொடுங்கள். வாய்க்காலில் மட்டும் விடாதீங்க. அங்கே இருக்கும் நம்ம ஊர் மீன்களுக்கு அது ஆபத்து!