சீட்டுக்கவியும் செங்கம் சாலையும்: கூலி எழுத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது புலவனுக்குத் தகாது என்கிறது நன்னூல். அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களில் புகழ்ந்துகொள்ளலாம் என்று சலுகையும் தந்துவிடுகிறது. அரசவைக்கு ஓலைக்கவி அனுப்பும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில், சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கையும் கழித்துவிட்டால் ஒரு புலவனின் தொழில் வாழ்க்கையில் மிச்சம் என்ன இருக்கிறது? தூங்குகிற நேரம்தான். பவணந்தி நடைமுறை தெரிந்தவர். சீயகங்கன் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்ட நூல்தான் நன்னூல் என்று அதன் பாயிரமே சொல்கிறது. மிச்சமுள்ள புகழ்ச்சியை அடுத்தவர் வாயால் வரவழைக்கவும் வழி உண்டு. ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர் ஆகிய நால்வரில் ஒருவரிடம் சிறப்புப்பாயிரம் வாங்கிக்கொள்ளலாம். புத்தகத்தின் பின்னட்டையில் இன்று அச்சாகிற நான்கு வரிக்கு வயது எண்ணூறு வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எம்.ஏ. வகுப்பில் சீட்டுக்கவியை எங்களுக்குச் சிற்றிலக்கியம் என்றும் தனிப்பாடல் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். நயம் பாராட்டச் சொன்னார்கள். அது ஒரு வேலை விண்ணப்பம் என்பதை யாரும் சொல்லவில்லை. முதல் பாதியில் நான் யார் தெரியுமா என்கிற தோரணை, பிறகு வள்ளலின் பெருமை, கடைசியில் தேவை. பாரதி 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதியதும் இந்த அச்சில் வார்த்ததுதான். தமிழுக்குப் பெரும் புலவன் இல்லை என்ற வசை தன்னால் கழிந்தது என்று அதில் கூசாமல் எழுதுகிறார். கர்வம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கர்வம் இல்லைங்க, இலக்கணம். பவணந்தி அனுமதித்த முதல் இடம் அது.

திருவண்ணாமலைக்கு வருவோம். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்த பையன் ஓலைத்தூக்கு எதுவும் எழுதவில்லை. வருஷக்கணக்கில் பேசியதுகூட அபூர்வம். ஆனால் அவரைச் சுற்றி எழுத்து சேர்ந்துகொண்டே போனது. பிராமணசாமி என்று ஊர்க்காரர்கள் சொல்லிவந்தவருக்கு 1907இல் காவ்யகண்ட கணபதி முனி 'பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி' என்று பெயர் கொடுத்தார். 1911இல் வந்துபோன ஹம்ஃப்ரீஸ் என்ற வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி எழுதிய கடிதங்கள் 1913இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அச்சாயின.

இந்த வரலாற்றில் என்னை நிறுத்திவைப்பது ஒரு பிச்சைப்பாட்டு. ரமணர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த காலம். கூட இருந்தவர்கள் ஊருக்குள் இறங்கிச் சோறு வாங்கிவர வேண்டும். பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பழைய பாட்டெல்லாம் இருக்கிறதே, புதுசு எதற்கு என்று தட்டிக்கழித்தார். அவர்கள் விடவில்லை. ஒருநாள் கிரிவலம் போகையில் காகிதமும் பென்சிலுமாக எழுதி முடித்ததுதான் 108 கண்ணிகள் கொண்ட அருணாசல அட்சரமணமாலை. பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரதியின் பிறப்பை மட்டும் பார்க்கிறேன். கேட்டவர் உண்டு, பயன் உண்டு, அதை வைத்துச் சோறு உண்டு. ரமணரின் மற்ற பிரதிகளும் பெரும்பாலும் யாரோ கேட்டு எழுதியவையே. 'நான் யார்?' சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளில் பிறந்தது. உபதேச உந்தியாரும் உள்ளது நாற்பதும் முருகனார் கேட்டு வாங்கியவை. தானாகப் பொங்கி வருவதே உயர்ந்த எழுத்து, கேட்டு எழுதுவது மட்டம் என்கிற நம் நவீனத்துவப் புனிதம் இந்த மலையடிவாரத்தில் செல்லாது. கேட்டு எழுதுவதில் கேவலம் இல்லை. கேட்டவர் யார், எழுதியவர் யார், பலன் யாருக்கு என்பதில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

பால் பிரண்டன் விஷயத்தில் இது பச்சையாகத் தெரிகிறது. ராபேல் ஹர்ஸ்ட் என்ற பெயரில் லண்டன் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தவர். வேறு புனைபெயர்களும் உண்டு. 1930இல் இந்தியா வந்தார். 'ரகசிய இந்தியாவில் ஒரு தேடல்' 1934இல் வெளியானது. அவரை இதற்காக யாரும் அமர்த்தவில்லை. தன் செலவில் வந்து, சந்தேகக்கார நிருபர் என்று தன்னையே ஒரு பாத்திரமாக எழுதி, அந்தப் பாத்திரம் ரமணர் முன்னால் அடங்குவதாகக் கதையாடலை அமைத்தார். தன்னை விற்கிற உத்தி இதைவிடக் கச்சிதமாக இருக்க முடியாது. சிறப்புப்பாயிரம் தந்தவர் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட். 1904இல் பிரிட்டிஷ் படையோடு லாசாவுக்குள் நுழைந்தவர் கிழக்கின் ஞானத்துக்கு முன்னுரை எழுதுகிறார்! புத்தகத்தின் ரமணர் பகுதிகளை ஆசிரமம் தனிநூலாகவே வெளியிட்டது. மேற்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1938இல் சாமர்செட் மாம் வந்தார், 1944இல் அவருடைய நாவலில் ஒரு மகான் வந்தார்.

பிரண்டனைக் கூட்டிக்கொண்டுபோய்ச் செங்கல்பட்டில் காஞ்சி சங்கராச்சாரியாரைச் சந்திக்கவைத்தவர் கா.சி. வேங்கடரமணி. ரமணரிடம் போகச் சொன்னவர் அந்தச் சங்கராச்சாரியார். வேங்கடரமணி அப்போதே ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் பெயர் வாங்கியிருந்தவர். பிரண்டன் பிரதியில் அவர் ஒரு உதவியாளர், அவ்வளவுதான். ரமணர் பெரும்பாலும் பேசியது தமிழில். அதை உடனுக்குடன் ஆங்கிலமாக்கிக் கொடுத்த உழைப்பு ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்த பக்தர்களுடையது. அதற்குக் கூலியும் இல்லை, அட்டையில் பெயரும் இல்லை. ராயல்டி லண்டனுக்குப் போனது.

1930களின் பிற்பகுதியில் ஹாலில் பிரண்டன் குறிப்பெடுக்கக் கூடாது என்று ஆசிரம நிர்வாகம் தடை போட்டது. நிர்வாகம் என்றால் ரமணரின் தம்பி சின்னசாமி என்கிற நிரஞ்சனானந்த சுவாமி. கேட்டதையெல்லாம் தன் சரக்காக விற்கிறார் என்பது பிரண்டன்மேல் சொல்லப்பட்ட புகார். பிரண்டன் விலகி மைசூர் மகாராஜாவின் ஆதரவுக்குப் போனார். சீட்டுக்கவி மறுபடி அரண்மனைக்கே போய்ச் சேர்ந்தது! தன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொண்டதன் லட்சணத்தை 1993இல் ஜெப்ரி மேசன் ஒரு புத்தகத்தில் கிழித்தார். அவர் அப்பா பிரண்டனின் சீடர்.

அதே ஹாலில் 1935 முதல் 1939 வரை இன்னொருவர் குறிப்பெடுத்தார். முனகால வெங்கடராமய்யா. அவை ரமணர் இறந்து ஐந்து வருஷம் கழித்து 1955இல்தான் புத்தகமாக வந்தன. இன்று ஆய்வாளர்கள் அதிகம் புரட்டுவது அவருடைய குறிப்புகளை. உலகச் சந்தையில் அவர் பெயர் யாருக்குத் தெரியும்?

நானும் இந்தப் பகுதியில் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன்தான். தங்கும் விடுதி நோட்டீஸ், யோகா வகுப்புத் துண்டுப் பிரசுரம், கிரிவலக் கையேடு, வெள்ளைக்காரர்களுக்கான ஆங்கிலத்தைத் தமிழாக்குவது, தமிழை ஆங்கிலமாக்குவது. மார்கழி, தையில் வேலை அதிகம். பேர் போடுவதில்லை. சுவரொட்டி எழுத்தாளனுக்குச் சங்கம் இல்லை, விலைப்பட்டியல் இல்லை. வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். போன வருஷம் செங்கம் சாலையோரம் ஒரு விடுதிக்காரர் ஊர் வரலாறு ஒரு பக்கம் கேட்டார். பிரண்டன் கட்டாயம் வரணும் என்றார். எழுதினேன். வேங்கடரமணி பெயரையும் ஒரு வரி சேர்த்தேன். படித்துவிட்டு அந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

"யாரு தம்பி இவரு? இவரைப் பாத்துட்டு யாரும் ரூம் எடுக்க மாட்டாங்க."

எழுநூறு ரூபாய் கொடுத்தார். நோட்டீஸில் பிரண்டன் இருக்கிறார், மலை இருக்கிறது, வெந்நீர் வசதி இருக்கிறது.