கதவைத் தட்டுமுன்

1966 பிப்ரவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஜானி பாக்ஸ்ட்ராம் என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. தாக்குதல் குற்றத்துக்கான தண்டனைக்காலம் 1961 டிசம்பரிலேயே முடிந்திருந்தும், மனநலம் குன்றியவர் என்று நியூயார்க் மாநிலத்தின் டேனமோரா காப்பகத்தில் அவரை அடைத்தே வைத்திருந்தார்கள். பிறருக்கு உரிய விசாரணையை அவருக்கு மறுத்தது செல்லாது என்றது நீதிமன்றம். அவரைப் போன்ற 967 பேர் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கிருந்த ஊழியர்கள் அஞ்சினார்கள். ஸ்டெட்மன், கொக்கோசா என்னும் இரு ஆய்வாளர்கள் அந்த மனிதர்களைப் பின்தொடர்ந்து 1974இல் நூல் வெளியிட்டபோது, பெரும்பாலோர் யாரையும் தாக்கவேயில்லை என்பது தெரிந்தது.

அதுவரை அந்தக் கணிப்பு தவறென்று ஏன் தெரியவில்லை? பூட்டிவைக்கப்பட்டவன் தன்னால் ஆபத்தில்லை என்று எப்படி நிரூபிப்பான்? கணித்தவர்களின் பிழை பூட்டுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

வீட்டுக்குச் செல்பவர்களின் கேள்வி வேறு. ஆம்ஸ்டர்டாமில் 1930களில் ஆரி கெரிடோ நோயாளிகளை மருத்துவமனையில் சேர்க்குமுன் அவர்கள் வீட்டிலேயே சென்று பார்க்கும் முறையைத் தொடங்கினார் (நகராட்சிக்குச் செலவைக் குறைப்பதும் நோக்கம்தான், மறைப்பானேன்). வாசலில் நிற்பவருக்கு ஒருவரின் ஆயுள் முழுதுக்குமான தீர்ப்பு தேவையில்லை. இன்று மாலை என்ன நிலைமை என்பதே தேவை. முன்பு யாரைத் தாக்கினார், குடித்திருக்கிறாரா, கைக்கெட்டும் இடத்தில் ஆயுதம் உண்டா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், வெளியேறும் வழி எது?

குடியைப் பற்றிய கேள்வி வெறும் சம்பிரதாயமல்ல. 1998இல் வெளியான மெக்கார்தர் ஆய்வு, போதைப்பழக்கம் இல்லாத நோயாளிகளின் வன்முறை அக்கம்பக்கத்தாரின் வன்முறையிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை என்றது. வன்முறை நிகழ்ந்தபோதும் பெரும்பாலும் அது வீட்டுக்குள், உறவினர்மீதே நிகழ்ந்தது. ஆகவே கதவைத் தட்டுபவர் தன்னைப் பற்றி மட்டும் கவலைப்படுவது போதாது. உள்ளே இருக்கும் தாயையும் மனைவியையும் பற்றித்தான் முதலில் விசாரிக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்காக அச்சத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1984இல் இங்கிலாந்தின் பெக்ஸ்லி மருத்துவமனையில் இசபெல் ஷ்வார்ட்ஸ் என்ற சமூகப்பணியாளர், தாம் முன்பு கவனித்துவந்த ஒருவரால் கொல்லப்பட்டார். அந்நியர் வீட்டு வாசலில் அல்ல, தம் சொந்த அலுவலக அறையில். அதன் விசாரணை அறிக்கை 1988இல்தான் வந்தது. மருத்துவமனைக்கு வெளியே வாழும் ஒவ்வொரு நோயாளிக்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கும் திட்டம் 1991இல் அங்கு நடைமுறைக்கு வந்தது.