எல்லை தாண்டிய பதிவுச் சீட்டு

என் தந்தையார் காலத்து வியாபாரத்தில் உண்டிச் சீட்டு என்று ஒன்று உண்டு. ஓர் ஊரில் எழுதிய சீட்டை அடுத்த ஊர்க் கடைக்காரர் ஏற்றுப் பணம் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு. இல்லாவிட்டால் வெறும் காகிதம். ஒரே பாலினத்தவர் இணைந்து வாழ்வதை ஏற்கும் சட்டங்கள் நாடு விட்டு நாடு பரவிய வரலாற்றைப் படித்தபோது எனக்கு அந்தச் சீட்டுதான் ஞாபகம் வந்தது.

இதற்கு முதலில் வழி செய்த நாடு டென்மார்க். 1989 அக்டோபர் 1 அன்று கோபன்ஹேகன் நகர மண்டபத்தில் 11 இணையர் பதிவு செய்துகொண்டனர். அவர்களுள் ஆக்ஸலுக்கு வயது 74, அவர் துணைவர் ஐகிலுக்கு 67. இருவர் பெயரையும் சேர்த்து 'ஆக்ஸ்கில்' என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள்.

அச்சட்டம் மிகச் சிறியது. திருமணச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று கூறி, தத்தெடுத்தல் போன்ற சிலவற்றை மட்டும் விலக்கியது. ஆகவே அண்டை நாடுகள் பின்பற்றுவது எளிதாயிற்று. நார்வே 1993இலும், சுவீடன் 1994இலும், ஐஸ்லாந்து 1996இலும் அவ்வாறே சட்டம் செய்தன. ஆனால் இருவரில் ஒருவராவது டென்மார்க்கில் வாழும் அந்நாட்டுக் குடிமகனாக இருக்கவேண்டும் என்றிருந்தது. அம்மூன்று நாட்டுக் குடிமக்களையும் அதற்கு ஈடாக மதித்தது 1999இல்தான்.

நெதர்லாந்து 2001 ஏப்ரல் 1 முதல் இதைத் திருமணமாகவே ஏற்றது. பெல்ஜியம் 2003இல் தொடர்ந்தது. அங்கே பிரஸ்ஸல்ஸில் 2010இல் மணந்த ஒரு ருமேனியர், தம் அமெரிக்கத் துணைவருக்கு ருமேனியாவில் குடியிருப்பு உரிமை கேட்டார். கிடைக்கவில்லை. 2018 ஜூன் 5 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், 'உங்கள் நாட்டில் இத்திருமணத்தை நடத்தித் தரவேண்டியதில்லை. குடியிருப்பு உரிமையை மறுக்கக் கூடாது' என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. உண்டிச் சீட்டு செல்லுபடியானது இப்படித்தான்.

ஆசியாவில் தைவான் 2019இலும் தாய்லாந்து 2025இலும் திருமணத்தை ஏற்றன. நம் உச்ச நீதிமன்றம் 2018இல் இவ்வுறவு குற்றமல்ல என்றது. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று, திருமணச் சட்டம் செய்வது சட்டமன்றங்களின் வேலை என்று கூறிவிட்டது.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு, ஓரிடத்துக் காகிதம் வேறிடத்து அலுவலகத்தில் செல்லாமல் போனால் படும் பாடு தெரியும். அது ரேஷன் கார்டானால் நாலு நடை நடந்து மாற்றிக்கொள்ளலாம். வாழ்க்கைத் துணை என்பதற்கான காகிதமே செல்லாவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?