கருங்கல்லின் இயல்பும் திருக்கோயிற் பணியும்

திருச்சிற்றம்பலம்

காவிரி பாயும் சோணாடு வண்டல் நிலம். இடைமருதூரைச் சுற்றி நெடுந்தூரம் சென்றாலும் ஒரு குன்றைக் காண்டல் அரிது. அங்ஙனமாகவும், மகாலிங்கப் பெருமான் திருக்கோயில் கல்லால் ஓங்கி நிற்கின்றது. மூவர் முதலிகள் பாடியருளிய காலத்தில் இந்நாட்டுக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆயவை. 10ஆம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார், திருநல்லம் முதலிய பல தலங்களைக் கற்றளிகளாக்கினார். கல்லில்லா நாட்டிற்குத் தொலைவிலிருந்து கல் சுமந்து வந்த அப்பணியின் அருமை நினைக்குந்தோறும் வியப்பைத் தருவது.

அக்கல்லின் இயல்பு யாது? கருங்கல் ஒரே பொருளன்று. பல தாதுக்களின் கூட்டு. படிகக்கல் கடியது, ஒழுங்கான தளமின்றிக் கண்ணாடிபோல் உடைவது. பெல்சுபார் அதனினும் சிறிது மென்மையது. இரு தளங்களில் பிளவுபடுவது. காக்காய்ப்பொன் எனும் மைக்கா ஏடு ஏடாக உரிவது. வளைத்துவிட்டால் மீண்டும் நிமிர்வது. இவை ஒன்றையொன்று கவ்வி நிற்றலாற் கல் பெரும்பாரம் தாங்குகின்றது. ஆயின் வளைவைத் தாங்காது. உத்திரத்தின்மேற் பாரம் ஏறுங்கால் அதன் அடிப்புறம் இழுபடும். அவ்விழுப்பிற்கு ஆற்றாது கல் முறியும். இதுபற்றியே நம் தபதியர் தூண்களை நெருக்கி நிறுத்தினர். போதிகையை நீட்டி உத்திரத்தின் இடைவெளியைச் சுருக்கினர். வரிசையாகக் குழியிட்டு ஆப்பிறுக்கிப் பாறையைப் பிளந்ததும் இக்குறையை அறிந்தே. தட்டுங்கால் மணிபோல் ஒலிக்கும் கல்லை ஆண்கல்லென்று தேர்ந்து இலிங்கத்திற்குக் கொள்க எனச் சிற்பநூல்கள் விதிக்கும். உள்ளே விரிசலுள்ள கல் அவ்வாறு ஒலியாது என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

திருப்பணி செய்யும் அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவான் வேண்டி, மணலைப் பொறியால் விசையுடன் வீசிச் சுவரைத் தூய்மை செய்தல் பல கோயில்களில் நிகழ்ந்துள்ளது. மணலோ பெரும்பாலும் படிகக்கல்லின் துகள். அது மோதுங்கால் மென்மையான தாதுக்கள் முதலிற் சிதையும். கல்வெட்டெழுத்துக்களின் விளிம்பு மழுங்கும். ஆயிரம் ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் தப்பிய எழுத்து ஒரு நாளில் அழிதல் தகுமோ? நீரும் மென்தூரிகையும் கொண்டு பொறுமையுடன் துலக்குதலே முறை. உத்திரத்தில் மயிரிழை அளவு வெடிப்புக் காணினும் உடனே முட்டுக் கொடுத்துத் தபதியை அழைத்தல் வேண்டும். மரம் வளைந்து முன்னறிவிக்கும். கல்லோ முறிந்தே அறிவிக்கும்.

முன்னோர் தேடித் தந்த கல்லைக் காத்தலும் சிவபுண்ணியமே. குடமுழுக்கு இனிது நிறைவுறுக. பெருநலமாமுலையம்மை உடனாய பெருமான் திருவருள் எங்கும் பொலிக.