டாப்சிலிப்

கோயம்புத்தூர் மாவட்டத்தில், பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே ஆனைமலைத் தொடரில் உள்ள காட்டுத் தங்குமிடம். ஆனைமலை புலிகள் காப்பகத்தின் முக்கியச் சுற்றுலா மையம். இக்காடு 1976இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வெட்டிய தேக்கு மரங்களை மலைச்சரிவில் தள்ளிவிட்டு அடிவாரத்தில் சேர்த்தனர். மொட்டையாகிக்கொண்டிருந்த காட்டை மீட்டவர் வனத்துறை அதிகாரி ஹியூகோ வுட். மரத்தை வேரோடு பெயர்க்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டச் செய்து, அது மறுபடி துளிர்க்க வழி செய்தார். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணைக் குத்தித் தேக்கு விதை போட்டுச் செல்வாராம். 1933இல் மறைந்த அவரது கல்லறை, அவர் விரும்பியபடியே இத்தேக்குகளுக்கு நடுவில் உள்ளது. வருபவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் அது.

சேத்துமடை சோதனைச்சாவடி வழியாக மேலே வரலாம். காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் சுற்ற முடியும். யானை, காட்டெருமை, புள்ளிமான் ஆகியவை வாழும் காடு இது. கோழிகமுத்தியில் வளர்ப்பு யானை முகாம் உண்டு; யானைகளைப் பழக்குவதில் மலசர் பழங்குடியினர் தேர்ந்தவர்கள். கருமேனியும் முகத்தைச் சுற்றிய நரைப் பிடரியும் கொண்ட சோலைமந்தி இம்மலைகளின் அரிய செல்வம். அதற்குத் தின்பண்டம் கொடுப்பது அதன் உயிருக்கே உலை வைப்பதாகும். உணவுக்காகச் சாலைக்கு இறங்கப் பழகிய குரங்குகள் வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன.