பரங்கிமலைச் சிலுவையின் பஹ்லவி வரி: விசுவாச அறிக்கையா, மன்றாட்டா?

பரங்கிமலைக் கோயிலின் பீடச் சுவரில் பதித்துள்ள கற்சிலுவையைச் சுற்றி வில்வளைவாக ஓடும் பஹ்லவி (இடைக்காலப் பாரசீக) எழுத்துகளை, கிறிஸ்துவின் இறைத்தன்மை பற்றிய பழைய வழக்குக்கு ஒரு சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தியவர் ஏ.சி. பர்னெல். 1873இல் மங்களூரில் அச்சான அவரது சிறு நூலும், மறு ஆண்டு ‘இண்டியன் ஆன்டிகுவரி’யில் வந்த அதன் மறுபதிப்பும் அந்த வரிக்கு ஒரு விளக்கம் தந்தன. சிலுவைத் தண்டனையில் துன்புற்றவர் இவரே. இவரே மெய்யான கிறிஸ்து, உன்னதத்தின் கடவுள், என்றும் தூய வழிகாட்டி என்பது அதன் சாரம். இந்த வாசிப்பை ஏற்க முடியாது என்பதும், அந்த வரி விசுவாச அறிக்கையே அன்று, ஒரு தனிமனிதரின் மன்றாட்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம். திரித்துவ விவாத வரலாற்றில் அதற்கு இடம் இல்லாமல் போய்விடாது. பர்னெல் கொடுத்த இடத்திலிருந்து வேறோர் இடத்துக்கு அது மாற வேண்டும்.

பர்னெல் வாசித்தபடியே கல்லில் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று முதலில் பார்த்துவிடலாம். துன்புற்றவரும் உன்னதத்தின் கடவுளும் ஒருவரே என்று அந்த வரி சொல்கிறது. ‘தூய வழிகாட்டி’ என்பதைத் தூய ஆவிக்கு உரியதாக எடுத்துக்கொண்டால், மூவரையும் ஒரே ஆளாக்கிச் சிலுவையில் ஏற்றியதாக முடியும். மேற்கில் பிராக்சியாஸ் மீது தெர்த்துல்லியன் சுமத்திய குற்றச்சாட்டு இதுதான்: தந்தையையே சிலுவையில் அறைந்துவிட்டார் என்பது. மென்மையாகப் பொருள்கொண்டாலும், திரித்துவத்தில் ஒருவர் உடலில் துன்புற்றார் என்ற வாய்பாட்டின் பக்கம் அது சாய்கிறது. ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளை உலுக்கி, 553ஆம் ஆண்டுச் சங்கத்தில் ஏற்பு பெற்ற வாய்பாடு அது. பஹ்லவியில் எழுதிய கிறிஸ்தவர்களோ பாரசீகத்தின் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். 410இல் செலூக்கியா–தெசிபோன் சங்கத்தில் நிசேயா சங்கத்தின் விசுவாச அறிக்கையை ஏற்ற திருச்சபை அது. ஆனால் மொப்சுயெஸ்தியாவின் தெயதோரைப் பின்பற்றி, இறைத்தன்மை துன்புறாது என்பதில் உறுதியாக நின்றது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகா பாபாய் எழுதியவற்றின் உயிர்நாடியே அதுதான். அந்த மக்கள் தங்கள் வழிபாட்டுச் சிலுவையிலேயே தங்கள் ஆசிரியர்கள் மறுத்த கூற்றைப் பொறித்து வைத்தார்கள் என்று நம்ப வலுவான சான்று வேண்டும். பர்னெலிடம் இருந்தது ஐயத்துக்கு இடம்தரும் எழுத்துகளின் ஒரு வாசிப்பு மட்டுமே.

அந்த வாசிப்பு எவ்வளவு நிலையற்றது என்பது உடனே தெரிந்துவிட்டது. அதே 1874இல் மியூனிக்கில் மார்ட்டின் ஹௌக் அதே எழுத்துகளில் ஒழுங்கான மூவொரு கடவுள் அறிக்கையைக் கண்டார். மெசியாவையும் உன்னதக் கடவுளையும் தூய ஆவியையும் நம்புகிறவர், சிலுவையின் வேதனையைச் சுமந்தவரின் அருளில் இருக்கிறார் என்பது அவர் கொண்ட பொருள். ஈ.டபிள்யூ. வெஸ்ட் கண்டதில் திரித்துவமே இல்லை. மன்னிப்பவரான மெய்யான மெசியாவைத் துன்பத்திலிருந்து விடுவித்தது எது என்று வினவும் வரி அவருடையது. மூவரும் பஹ்லவி அறிந்தவர்கள். ஓராண்டு இடைவெளி, ஒரே கல். ஒருவருக்குத் துன்புறும் கடவுள், ஒருவருக்கு நிசேயா, இன்னொருவருக்கு ஒரு கேள்வி.

காரணம் எழுத்திலேயே இருக்கிறது. பிற்காலப் பஹ்லவியில் ஒரே வடிவம் ந, வ, ர ஆகிய ஒலிகளுக்குப் பொதுவாக நிற்கும். இன்னொரு வடிவம் ய, க, த ஆகிய ஒலிகளைத் தாங்கும். இதற்கும் மேலாக, அராமிய மொழிச் சொல்லை எழுதிவிட்டுப் பாரசீகச் சொல்லாக வாசிக்கும் வழக்கம் உண்டு. நான்கைந்து எழுத்துகள் கொண்ட ஒரு கூட்டம் வினையாகலாம், ஆட்பெயராகலாம், ஊர்ப்பெயரும் ஆகலாம். பரங்கிமலை வரி இரண்டு பகுதிகளாக, ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் இருப்பதால் எங்கே தொடங்குவது என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. இப்படிப்பட்ட வரியில் வாசிப்பவர் எதைத் தேடுகிறாரோ அது கிடைக்கும் அபாயம் மிகுதி. 1547இல் கோயிலுக்கு அடித்தளம் தோண்டும்போது இந்தச் சிலுவை கிடைத்தது. 1561இல் போர்த்துகீசியர் ஒரு பிராமணரை அழைத்து வாசிக்கச் சொன்னபோது, ஓரெழுத்துக்குப் பல சொற்கள் என்ற கணக்கில் கடவுள் கன்னியிடம் பிறந்ததும் திருத்தூதர் தோமையாரின் மரணமும் அடங்கிய நீண்ட வரலாறு அதிலிருந்து வெளிப்பட்டது. அந்த வாசிப்பை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அது வெளியான விதத்துக்கும் ஹௌக்கின் வாசிப்பு வெளியான விதத்துக்கும் நடுவில் நாம் நினைக்கும் அளவுக்குத் தூரம் இல்லை.

பர்னெல் எதைத் தேடினார்? அதே ஆய்வில் அவர் முன்வைத்த பெரிய கருத்து, தென்னிந்தியாவின் முதல் கிறிஸ்தவக் குடியேற்றங்கள் பாரசீகத்திலிருந்து வந்தவை, அவை மானி நிறுவிய மானிக்கேய சமயத்தின் சாயல் கொண்டவை என்பது. இந்தியருக்கு மானி எழுதிய மடல் ஒன்று இருந்ததாக இப்னு அல்நதீமின் ‘ஃபிஹ்ரிஸ்த்’ குறிப்பிடுகிறது. அதற்குத் துணையாகச் சேரநாட்டுச் செப்பேடுகளில் வரும் ‘மணிக்கிராமம்’ என்ற பெயரை மானியின் ஊராகக் கொண்டார். ரெவரண்ட் ரிச்சர்டு காலின்ஸ் 1875இலேயே இதை மறுத்தார். ஆனாலும் தவறான போதனை வேரூன்றிய கரை என்ற படிமம் நூல்களில் நெடுங்காலம் தங்கிவிட்டது.

தமிழ்க் கல்வெட்டு தெரிந்தவர்களுக்கு மணிக்கிராமம் புதிரே இல்லை. உறையூர் மணிக்கிராமம், கொடும்பாளூர் மணிக்கிராமம் என்று சோழநாட்டிலேயே வணிகக் குழுக்கள் இருந்தன. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, நாங்கூருடையான் தொட்ட அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைக்கிறது. கடல் கடந்து குளம் காத்த அந்த வணிகர்களை மானியின் சீடர்களாக்க யாராலும் முடியாது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய எழுத்தியலுக்கு முதல் அடித்தளம் இட்ட பேரறிஞர். அவர் கையில் கிடைத்திருந்த கல்வெட்டுகள் இன்றைக்கு நம்மிடம் உள்ளவற்றில் ஒரு சிறு பகுதிதான். அந்த நியாயத்தை அவருக்குச் செய்தாக வேண்டும். எனினும், குடியேற்றமே முரண்சமயம் என்ற முன்முடிவு கலைந்தபின், சிலுவை வரியும் முரணாகத்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு ஆதாரம் இல்லை.

திருப்பம் வந்தது 1920களில். ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோடி நினிவேயிலிருந்து வந்த அழகிய பறவை ஒன்றை இதில் கண்டார். அதை யாரும் பின்தொடரவில்லை. கேம்பிரிட்ஜின் வின்க்வொர்த் சொன்னது வேறு வகை. ஆண்டவர் கிறிஸ்துவே, சிரியரான சாஹார்புக்தின் மகன் அஃப்ராஸ் மீது, இதைச் செதுக்கியவர் மீது, இரங்கும் என்பது அவர் கண்ட பொருள். பார்சி அறிஞர் அங்கிலேசரியா அஃப்ராஸ் இருந்த இடத்தில் கபிரியேலை வாசித்தார். 1970இல் கெர்ட் குரோப் சப்ரிஷோ என்ற பெயரை வாசித்தார். பெயரில் மூவரும் ஒன்றுபடவில்லை. ஆனால் கட்டமைப்பில் ஒன்றுபடுகிறார்கள்: நம் ஆண்டவர் மெசியா என்ற விளி, இரக்கத்துக்கான வேண்டுதல், வேண்டுபவரின் பெயர், தந்தை பெயர், செய்த பணி. சாஹார்புக்த் என்ற தந்தை பெயர் மூன்று வாசிப்பிலும் நிலைத்து நிற்கிறது. சிரிய, பாரசீகக் கிறிஸ்தவர்களின் கல்லிலும் ஏட்டுக் கடைக்குறிப்பிலும் நூறு முறை காணும் அமைப்பு இது. பஹ்லவி எழுத்தின் ஐயங்களை மீறி ஒரு வாசிப்பைத் தேர வேண்டுமானால், வகைமை பொருந்தி வரும் வாசிப்பையே தேர வேண்டும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. தனிமனிதரின் மன்றாட்டு என்றால் அதே வரி ஏன் கோட்டயம் வலிய பள்ளியிலும் முட்டுச்சிறையிலும் கடமற்றத்திலும் ஆலங்காட்டிலும் இருக்கிறது? 2001இல் கோவாவில் ஜுவாரி ஆற்றங்கரையில் அகசைம் அருகே கிடைத்த சிலுவையிலும் பஹ்லவி எழுத்தே சுற்றி ஓடுகிறது. யாரோ ஒரு பாரசீகரின் பெயரை இத்தனை கோயில்கள் ஏன் படியெடுக்க வேண்டும்? விசுவாச அறிக்கை என்றால் படியெடுப்பதில் பொருள் உண்டு. ஹௌக்கின் பக்கம் இன்றும் நிற்க ஒருவருக்கு நியாயம் கிடைக்கும் இடம் இதுதான். எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

என் விடை கோட்டயத்தின் பெரிய சிலுவையில் இருக்கிறது. அங்கே பஹ்லவி வரியோடு சிரியக் எழுத்தில் கலாத்தியர் 6:14 பொறிக்கப்பட்டுள்ளது. நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் சிலுவையைத் தவிர வேறெதிலும் பெருமை வேண்டாம் என்ற பவுலின் வாக்கு. சிலுவையைப் பற்றி ஒரு போதனையைச் சொல்ல விரும்பியபோது அந்தக் கோயிலார் சிரியக்கை நாடினார்கள். தங்கள் முன் இருந்த பஹ்லவி வரியே சிலுவைத் துன்பத்தையும் மூவொரு கடவுளையும் அறிக்கையிட்டிருந்து, அதை அவர்கள் வாசிக்கவும் முடிந்திருந்தால், இன்னொரு மொழியில் சிலுவை வசனம் சேர்க்கும் தேவை எழுந்திருக்காது. ஆகவே பஹ்லவியை அவர்கள் வாசிக்கவில்லை. மூலச் சிலுவையின் உருவத்தில் ஒரு பகுதியாக, தூணும் பூவிதழும் புறாவும் போல, அதையும் படியெடுத்தார்கள். இது நேர்ச் சான்று ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாசிக்கத் தெரிந்தும் இரண்டையும் வைத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் முற்றாக மறுக்க வழியில்லை. ஆனால் ஒரு பெயரைத் தாங்கிய மன்றாட்டு பல ஊர்களில் திரும்ப வருவதை விளக்க இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

மன்றாட்டு என்று கொண்டால் கிறிஸ்துவின் இறைத்தன்மை பற்றிய விவாதத்தில் இந்த வரி எங்கே நிற்கும்? விவாதத்தின் மையத்துக்கு அருகில் என்றே சொல்வேன். யாரிடம் மன்றாடலாம் என்ற கேள்வி நிசேயாவுக்கு முன்பே எழுந்தது. கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள் என்று ஏறத்தாழ 112இல் பிளினி பேரரசருக்கு எழுதினார். ஆனால் ஒரிகென், மன்றாட்டு மகன் வழியாகத் தந்தைக்கே செல்ல வேண்டும் என்றார். மகனைப் படைப்பு என்ற ஆரிய (Arian) கொள்கையினரோடு வாதாடியபோது அத்தனாசியார் இதே இடத்தைப் பற்றினார்: மகன் படைப்பு என்றால், அவரை வணங்குகிறவர்கள் படைப்பை வணங்குகிறார்கள் என்று ஆகிவிடும். புகழுரையில் ‘மகன் வழியாக’ என்பதா, ‘மகனோடு’ என்பதா என்ற சர்ச்சைக்காகவே பசிலியார் 375 வாக்கில் தூய ஆவி பற்றித் தனி நூல் எழுதினார். சங்கங்கள் வகுத்த சொற்களுக்கு முன்பும் பின்பும் மக்களின் வேண்டுதல் இந்த வழக்கை நடத்திக்கொண்டிருந்தது. சாஹார்புக்தின் மகன் இரக்கத்தை நேரே மெசியாவிடம் கேட்கிறார். அவருக்கு ஒரிகெனின் தயக்கம் இல்லை.

ஒப்பிட இன்னொரு கொடையாளர் வரி உண்டு. இஸ்ரேலில் மெகித்தோ சிறை வளாகத்தில் 2005இல் வெளிப்பட்ட தளக்கோலத்தில், அக்கெப்தூஸ் என்ற பெண் கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு மேசை ஒன்றை நினைவாக அளித்ததாகக் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. அகழ்ந்தவர்கள் மூன்றாம் நூற்றாண்டு என்கிறார்கள். அதற்குப் பிந்தியது என்போரும் உண்டு. அங்கே ‘கடவுள்’ என்ற சொல் இயேசுவின் பெயரோடு ஒட்டி நிற்கிறது. பரங்கிமலையில், வின்க்வொர்த்துக்குப் பிந்திய வாசிப்புகளில், ஆண்டவர் மட்டுமே உண்டு. இந்த வேறுபாட்டில் கிழக்குத் திருச்சபையின் பழக்கம் தெரிகிறது என்பது என் கருத்து. ‘நம் ஆண்டவர் மெசியா’ அவர்கள் வாயில் இயல்பாக வரும் தொடர். கடவுள் பிறந்தார், கடவுள் துன்புற்றார் என்ற சொற்சேர்க்கைகளை ஒதுக்கிப் பழகியவர்கள், சிலுவைக்கு மேல் இரக்கம் கேட்கும்போது இந்தத் தொடரைத் தேர்வது முழுக்கப் பொருத்தம். ஒரு சொல் இல்லாததிலிருந்து வாதிப்பது ஆபத்தானது என்பது தெரிந்தே இதைச் சொல்கிறேன். வளைவில் சில எழுத்துகளே கொள்ளும், இடமின்மையும் காரணமாகலாம். ஆனால் துன்புறும் கடவுளை இந்தக் கல்லில் கண்ட பர்னெலின் வாசிப்பைவிட, அந்தத் தொடரை விலக்கிய கல்லாக இதைக் காண்பது வரலாற்றோடு நன்றாக இணங்குகிறது.

காலம் தீராத சிக்கலாகவே நிற்கிறது. எழுத்தமைதியை வைத்து ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரை பலர் பலவாறு சொல்லியிருக்கிறார்கள். 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபி, யூத–பாரசீகக் கையெழுத்துகளோடு பஹ்லவிக் கையெழுத்துகளும் உள்ளன. அக்காலக் கொல்லத்தில் பஹ்லவி எழுதுவோர் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கு அது உறுதியான எல்லைக்கல். பரங்கிமலைச் சிலுவையை அதன் அருகே, சற்று முன்னாக, வைக்கவே மனம் விரும்புகிறது. ஆனால் செப்பேட்டில் சாட்சிகள் விரைந்து இட்ட கையெழுத்தையும், கருங்கல்லில் புடைப்பாகச் செதுக்கிய எழுத்தையும் நேருக்கு நேர் வைத்துக் காலம் கணிப்பது நம்பகமான முறை ஆகாது. கோட்டயத்தின் சிரியக் வரியைப் பத்தாம் நூற்றாண்டாகக் கொள்ளும் வழக்கமும் எழுத்து வடிவத்தை மட்டுமே சார்ந்தது. படியெடுத்த சிலுவைகளில் எழுத்து எந்தெந்த இடத்தில் சிதைந்துள்ளது என்பதை வரிசைப்படுத்தினால் எது எதைப் பார்த்துச் செதுக்கப்பட்டது என்ற தலைமுறை முறையாவது தெளியும். ஆண்டுக்கணக்கு அதனால் கிடைக்காது. ஆனால் கோட்டயத்துச் சிற்பிக்குப் பஹ்லவி தெரியாது என்று மேலே நான் வாதிட்டது நிற்குமா, விழுமா என்பதை அந்தச் சிதைவுகளே தீர்த்துவைக்கும்.